முதல் டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் ஒளியின் கணக்கும்

டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் எண்ணிம ஒற்றை லென்ஸ் எதிரொளிப்புக் கேமராவில், படம் பதிவாகும் அந்தக் கணத்தில் மட்டும் படமெடுப்பவரின் கண்ணுக்குக் காட்சி தெரிவதில்லை. லென்ஸுக்குப் பின்னால் 45 பாகைச் சாய்வில் நிற்கும் ஆடியொன்று, உள்ளே வரும் ஒளியை மேல்நோக்கித் திருப்பித் தேய்த்த கண்ணாடித் திரையில் பிம்பமாக விழச் செய்கிறது. ஆடியில் பட்டதால் இடவலம் மாறிப்போன அந்தப் பிம்பத்தை, திரைக்கு மேலுள்ள ஐங்கோணப் பட்டகம் நேராக்கி, கேமராவின் பின்புறத்தில் கண் வைத்துப் பார்க்கும் சாளரமாகிய வியூஃபைண்டருக்கு அனுப்புகிறது. பொத்தானை முழுமையாக அழுத்தியதும் ஆடி மேலே மடங்கிவிடுகிறது. உணரியை மறைத்து நிற்கும் ஷட்டர் திறக்க, அதுவரை கண்ணுக்குச் சென்றுகொண்டிருந்த ஒளி இப்போது படத்தைப் பதியும் அந்த உணரியின் மீது விழுகிறது. ஷட்டர் மூடியபின் ஆடி பழைய இடத்துக்கு இறங்குகிறது. ஏறத்தாழ பத்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் இந்த ஏற்ற இறக்கத்தின் ஓசைதான் இவ்வகைக் கேமராவின் அடையாளமான 'டக்' என்னும் ஒலி.

இந்த அமைப்பு ஒரே நாளில் உருவானதன்று. 35 மி.மீ. படச்சுருளுக்கான கினே எக்ஸாக்டா 1936இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வெளியானபோது அதில் பட்டகம் இல்லை. மேலிருந்து குனிந்து, இடவலம் மாறிய பிம்பத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பட்டகம் 1949இல் காண்டாக்ஸ் எஸ் கேமராவில் வந்தது. அப்போதும் படம் எடுத்தவுடன் மேலே போன ஆடி, அடுத்த படத்துக்காகச் சுருளை நகர்த்தும்வரை இறங்காது என்பதால் வியூஃபைண்டர் இருண்டே கிடக்கும். அந்தக் குறையை, தானாகவே திரும்பும் ஆடியின் மூலம் ஜப்பானின் அசாஹி நிறுவனம் 1954இல் தீர்த்தது. 1959இன் நிக்கான் எஃப் இவையனைத்தையும் செய்தியாளர்கள் நம்பித் தூக்கிச் செல்லும் உறுதியான ஓர் உடலில் சேர்த்தது. 1991இல் கோடாக் நிறுவனம் நிக்கான் எஃப்3 உடலுக்குள் 13 இலட்சம் பிக்சல்கள் கொண்ட உணரியைப் பொருத்தி விற்றபோது எண்ணிம எஸ்.எல்.ஆர். சந்தைக்கு வந்தது என்றாலும், 2003இல் கேனான் 300டி ஆயிரம் டாலருக்குக் குறைவான விலையில் வந்த பிறகே அது பொழுதுபோக்குப் படக்காரரின் கைக்கு எட்டியது. பானசோனிக் ஜி1 2008இல் தொடங்கிவைத்த ஆடியில்லாக் கேமராக்களின் பக்கம் பெரிய நிறுவனங்கள் இன்று சாய்ந்துவிட்டன. அதன் விளைவாக நல்ல நிலையிலுள்ள டி.எஸ்.எல்.ஆர்.கள் பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைப்பதால், முதல் கேமராவாக அவற்றை வாங்குவோர் இன்னும் பலர்.

அவர்கள் நட்டப்பட்டவர்கள் அல்லர். ஆடியில்லாக் கேமராவின் மின்திரை, எடுக்கப்போகும் படம் எவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது, டி.எஸ்.எல்.ஆரின் ஒளிவழி வியூஃபைண்டரோ உலகைக் கண் காண்பதுபோலவே காட்டி, கேமரா பதியப்போவது என்ன என்பதை ஊகிக்கும் வேலையைப் படமெடுப்பவரிடமே விட்டுவிடுகிறது. லென்ஸின் ஒளித்துளை படம் பதியும் கணத்தில்தான் குறுகுகிறது என்பதால், அதுவரை கண் பார்ப்பது முழுவதும் திறந்த துளையின் பிம்பத்தை. தொடக்கநிலைக் கேமராக்களின் வியூஃபைண்டர் உண்மையான படப்பரப்பில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை மட்டுமே காட்டுவதால், பார்க்கும்போது இல்லாத மின்கம்பமோ யாரோ ஒருவரின் முழங்கையோ படத்தின் ஓரத்தில் வந்து நிற்பதும் உண்டு. காண்பதற்கும் பதிவதற்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டை மறைக்காத கருவி கற்பதற்கு ஏற்றது.

பொத்தானைப் பாதியளவு அழுத்தும்போது நடப்பது வேறொரு வேலை. முதன்மை ஆடியின் நடுப்பகுதி ஒளியில் ஒரு பங்கைக் கடத்தவல்லதாகச் செய்யப்பட்டிருக்கிறது. அப்படிக் கடந்து செல்லும் ஒளியை, அதன் பின்னுள்ள சிற்றாடி கேமராவின் அடித்தளத்திலிருக்கும் தனியொரு உணரிக்கு அனுப்புகிறது. லென்ஸின் ஒரு பக்கத்து வழியாக வந்த பிம்பத்தையும் எதிர்ப்பக்கத்து வழியாக வந்த பிம்பத்தையும் அந்த உணரி ஒப்பிட்டு, அவ்விரண்டும் எவ்வளவு, எத்திசையில் விலகி நிற்கின்றன என்பதைக் கணக்கிட்டு, லென்ஸை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்தினால் பிம்பம் தெளியும் என்பதை ஒரே அளவீட்டில் சொல்லிவிடுகிறது. ஒப்பிடுவதற்குக் கோடோ விளிம்போ வேண்டும் என்பதால்தான் வெள்ளையடித்த வெறும் சுவரை நோக்கினால் லென்ஸ் முன்னும் பின்னும் தடுமாறுகிறது. இந்தக் கணக்கு தொலைவைத்தான் அறியும், படத்தில் முக்கியமானவர் யார் என்பதை அறியாது. தேர்வு முழுவதையும் கேமராவிடம் விட்டால் அது பெரும்பாலும் அருகிலிருக்கும் பொருளைப் பிடித்துக்கொள்ளும், பந்தலின் முன்வரிசையிலுள்ள நாற்காலி தெளிந்து மேடையிலிருப்பவர் மங்கிப்போவார். பிம்பம் தெளிய வேண்டிய இடமாகிய ஃபோகஸ் புள்ளியைத் தானே தேர்ந்தெடுக்கப் பழகுவதுதான் கற்பவரின் முதல் வேலையாக இருக்கத்தக்கது.

ஒளி சென்று சேரும் உணரி ஒரு சிலிக்கன் தகடு. ஒளியின் துகளாகிய ஃபோட்டான் சிலிக்கனில் புகுந்து உட்கவரப்படும்போது ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கிறது; விடுவிக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் பிக்சல் எனப்படும் நுண்ணறைகளில் சேர்கின்றன; ஷட்டர் மூடியபின் ஒவ்வோர் அறையிலும் எத்தனை சேர்ந்தன என்பது மின்னழுத்தமாக அளக்கப்பட்டு எண்ணாக மாற்றப்படுகிறது. இக்கொள்கையில் இயங்கும் சி.சி.டி. உணரியை 1969இல் பெல் ஆய்வகத்தில் வடிவமைத்த வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவருக்கும் 2009இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கோடாக்கின் ஸ்டீவன் சாசன் 1975இல் கட்டிய முதல் எண்ணிமக் கேமரா அத்தகைய உணரியைக் கொண்டு 100க்கு 100 பிக்சல் அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிவதற்கு 23 நொடிகள் எடுத்துக்கொண்டது. இன்றைய கேமராக்களில் சி.சி.டி.க்குப் பதிலாகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிமாஸ் வகை உணரி இருக்கிறது என்றாலும், ஃபோட்டானை எலெக்ட்ரானாக்கி எண்ணுவது என்ற அடிப்படை மாறவில்லை.

சிலிக்கனுக்கு நிறம் தெரியாது. எனவே ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வடிகட்டி வைக்கப்படுகிறது. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வரிசைப்படி பாதிப் பிக்சல்கள் பச்சைக்கும், கால்வாசி சிவப்புக்கும், கால்வாசி நீலத்துக்கும் ஒதுக்கப்படுகின்றன. மனிதக் கண் ஒளிவேறுபாட்டைப் பச்சைப் பகுதியில்தான் மிகத் துல்லியமாக உணர்கிறது என்பதே பச்சைக்குக் கிடைத்த இந்த இரட்டைப் பங்கின் காரணம். ஆகவே 240 இலட்சம் பிக்சல் என்று விற்கப்படும் கேமராவில் எந்தப் பிக்சலும் முழு நிறத்தை அளப்பதில்லை. விடுபட்ட இரு நிறங்களையும் அண்டைப் பிக்சல்களிலிருந்து கேமராவின் செயலி ஊகித்து நிரப்புகிறது.

உணரிக்குக் கிடைக்கும் ஒளியின் மொத்த அளவு எக்ஸ்போஷர் எனப்படுகிறது. அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒளிமானி கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. தொடக்கத்தில் ஏற்படும் ஏமாற்றங்களில் பல இந்த ஒளிமானி என்ன செய்கிறது என்பதை அறியாததால் வருபவை. பொருளின் மீது விழும் ஒளியை அது அளப்பதில்லை. பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியையே அளக்கிறது. நிழலில் இருக்கும் வெள்ளைச் சுவரும் வெயிலில் இருக்கும் கரும்பாறையும் ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்பக்கூடும் என்பதால், எதிரிலிருப்பது வெள்ளையா கறுப்பா என்பதைத் திரும்பி வரும் ஒளியிலிருந்து மட்டும் கண்டறிய இயலாது. இந்தச் சிக்கலுக்கு ஒளிமானியை வடிவமைத்தவர்கள் கண்ட தீர்வு ஓர் அனுமானம்: சராசரிக் காட்சியொன்று தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் நடுச்சாம்பல் போன்றது என்று கொண்டு, எதை நோக்கினாலும் அது நடுச்சாம்பலாகப் பதியும்படி எக்ஸ்போஷரைப் பரிந்துரைப்பது.

மரமும் சாலையும் மனிதரும் வானமும் கலந்த காட்சிகளில் இந்த அனுமானம் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் குவித்து வைத்த உப்பை நோக்கினால் பொருந்தாது. உப்புக்குவியல் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பியனுப்புகிறது. அந்த மிகுதியைக் கண்ட ஒளிமானி, நல்ல வெளிச்சத்தில் ஒரு சாம்பல்நிறப் பொருள் இருப்பதாகக் கொண்டு எக்ஸ்போஷரைக் குறைக்க, உப்பு அழுக்குச் சாம்பலாகவும் அருகில் நிற்கும் தொழிலாளியின் முகம் கரியாகவும் பதிகின்றன. கருவறையின் கருங்கல் திருமேனியிலோ கறுப்புக் கோட்டு அணிந்த வழக்கறிஞரிடமோ இதற்கு நேர்மாறானது நிகழ்ந்து, கறுப்பு வெளிறிப்போகிறது. கூட்டல், கழித்தல் குறிகளோடு கேமராவில் இருக்கும் எக்ஸ்போஷர் ஈடுசெய்யும் பொத்தான் இதற்காகவே வைக்கப்பட்டது: வெண்மை மிகுந்த காட்சிக்குக் கூட்ட வேண்டும், கருமை மிகுந்த காட்சிக்குக் கழிக்க வேண்டும். வெளிச்சமான காட்சிக்கு மேலும் வெளிச்சத்தைக் கூட்டுவது முதலில் முரணாகத் தோன்றும். ஒளிமானி ஏற்கெனவே குறைத்துவிட்டதைத் திருப்பிக் கொடுப்பதுதான் அது என்று விளங்கியபின் முரண் மறையும். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்த மண்டல முறை, கருமையிலிருந்து வெண்மைவரை காட்சியைப் படிகளாகப் பிரித்து, ஒளிமானி காட்டுவதை எந்தப் படியில் வைப்பது என்பதைக் கலைஞரே முடிவு செய்யும் முறை. சாராம்சத்தில் அதுவும் இதே ஈடுசெய்தல்தான். முகங்களை அடையாளம் காணும் புதிய ஒளிமானிகள் சற்றுத் தேர்ந்தவை என்றாலும், அவையும் நிகழ்தகவை நம்பியே இயங்குகின்றன.

எக்ஸ்போஷரைப் பேசுவதற்குப் படக்காரர்கள் பயன்படுத்தும் அலகு ஸ்டாப். ஒளி இருமடங்காவது ஒரு ஸ்டாப் கூடுதல், பாதியாவது ஒரு ஸ்டாப் குறைவு. இந்த இரட்டிப்புக் கணக்கு கண்ணின் இயல்போடு பொருந்துவது: நண்பகல் வெயிலில் திறந்த வெளியில் ஒளியடர்த்தி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்க, இரவில் விளக்கெரியும் வீட்டு அறையில் அது 100 லக்ஸ் அளவே இருக்கக்கூடும், ஆயிரம் மடங்கு வேறுபாடு. கண்ணோ இரண்டிலும் சிரமமின்றிப் படிக்கிறது, அறை சற்று மங்கலாக இருக்கிறது என்பதற்கு மேல் எதையும் அறிவிப்பதில்லை. ஆயிரம் மடங்கு என்பது பத்து முறை இரட்டிப்பது, அதாவது பத்து ஸ்டாப். வீட்டுக்குள் எடுத்த படம் ஏன் கலங்கிப்போகிறது என்ற கேள்விக்கு விடை இந்தப் பத்து ஸ்டாப்பில் அடங்கியிருக்கிறது. அதை ஈடுகட்டக் கேமராவில் இருப்பவை ஒளித்துளை, ஷட்டர் வேகம், உணரியின் மின்குறிப்பைப் பெருக்கும் அளவாகிய ஐ.எஸ்.ஓ. என்னும் மூன்று வழிகளே.

பழைய படக்காரர்களின் மனக்கணக்கு விதியொன்று, தெளிந்த வெயிலில் ஒளித்துளை எஃப்/16 என்றால் ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ் என்கிறது, ஐ.எஸ்.ஓ. 100க்கு அது 1/100 நொடி. அதிலிருந்து தொடங்கி 100 லக்ஸ் அறைக்குள் வர வேண்டுமானால், துளையை எஃப்/4 வரை திறந்து (எஃப் எண் சிறுத்தால் துளை பெருக்கும்) நான்கு ஸ்டாப், ஷட்டரை 1/50 நொடியாக்கி ஒரு ஸ்டாப், ஐ.எஸ்.ஓ.வை 3200 ஆக்கி ஐந்து ஸ்டாப் என்று பத்தும் நிறைவேறுகிறது. இவற்றுள் ஒவ்வொரு வழியும் தனக்குரிய விலையைக் கேட்கிறது. அந்த விலைகளைத் தெரிந்துகொள்வதே இக்கேமராவைக் கற்பதன் பெரும்பகுதி.

ஒளித்துளையைக் குறிக்கும் எஃப் எண், லென்ஸின் மீது மி.மீ.இல் குறிக்கப்படும் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பது. 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. அகலத் துளை எஃப்/2. அதே லென்ஸில் எஃப்/16 என்றால் துளையின் விட்டம் 3 மி.மீ.க்குச் சற்றே கூடுதல். எண் சிறுத்தால் துளை பெருக்கும் என்ற குழப்பம் இந்த வகுத்தலால் வருவது. 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று வரிசை விந்தையாகத் தோன்றுவதற்குக் காரணம், துளையின் பரப்பைப் பாதியாக்க அதன் விட்டத்தை இரண்டின் வர்க்கமூலமாகிய 1.41ஆல் வகுத்தால் போதும் என்பது.

துளையைத் திறப்பதன் விலை, தெளிவின் ஆழம் குறைவது. லென்ஸ் கண்டிப்பாகச் சொன்னால் ஒரே ஒரு தொலைவைத்தான் தெளிவாகக் குவிக்கிறது. அதற்கு முன்னும் பின்னுமுள்ள ஒவ்வொரு புள்ளியும் உணரியில் சிறு வட்டமாகப் பரவுகிறது. அந்த வட்டம் 0.02 மி.மீ. அளவுக்குள் இருக்கும்வரை கண் அதைப் புள்ளியாகவே ஏற்றுக்கொள்வதால், தெளிவாகத் தோன்றும் ஓர் ஆழம் கிடைக்கிறது. துளை குறுகினால் ஒளிக்கூம்பும் ஒடுங்கி வட்டங்கள் சிறுத்து ஆழம் பெருகும். தொடக்கநிலைக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை இரண்டு மீட்டர் தொலைவிலிருப்பவரின் முகத்தில் குவித்தால், எஃப்/1.8இல் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 11 செ.மீ. மட்டுமே, எஃப்/8இல் அது அரை மீட்டருக்கு விரிகிறது. குவியத் தொலைவு குறைந்த லென்ஸில் இந்த ஆழம் மிக வேகமாகக் கூடுகிறது: 18 மி.மீ. லென்ஸில் எஃப்/8 வைத்து இரண்டு மீட்டரில் குவித்தால் ஒரு மீட்டரிலிருந்து அடிவானம்வரை எல்லாம் தெளிந்திருக்கும். அப்படியானால் எஃப்/22 இன்னும் நல்லது என்று தோன்றும். அங்கே ஒளியின் அலைத்தன்மை குறுக்கிடுகிறது. சிறு துளையைக் கடக்கும் ஒளி விளிம்பு விளைவால் பரவி, எத்தனை செம்மையான லென்ஸாயினும் புள்ளியை வட்டமாக்கிவிடும். எஃப்/22இல் அந்த வட்டத்தின் விட்டம் 0.03 மி.மீ.க்கு நெருங்கிவிடுவதால் படம் முழுவதும் சற்றே மழுங்கும். எஃப்/8, எஃப்/11 ஆகியவற்றைப் படக்காரர்கள் விரும்புவது வெறும் வழக்கத்தால் அன்று.

ஷட்டர் என்பது உணரிக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு திரைகள். முதல் திரை உணரியைத் திறந்துவிட, குறித்த நேரம் கழித்து இரண்டாவது திரை அதை மூடிக்கொண்டு வருகிறது. ஏறத்தாழ 1/200 நொடியைவிட வேகமான அமைப்புகளில், முதல் திரை மறுமுனையை அடையும் முன்பே இரண்டாவது புறப்பட்டுவிடுவதால், உணரி எந்தக் கணத்திலும் முழுமையாகத் திறந்திருப்பதில்லை. ஒரு பிளவு மட்டும் அதன்மேல் நகர்ந்து செல்கிறது. வேகமான ஷட்டரில் சாதாரண ஃபிளாஷைப் பயன்படுத்தினால் படத்தின் ஒரு பகுதி கறுப்புப் பட்டையாக வருவதற்கு இதுவே காரணம். கணநேரம் மின்னும் ஃபிளாஷ் பிளவின் வழியே மட்டும் உணரியை எட்டுகிறது.

ஷட்டரைத் தாமதிப்பதன் விலை அசைவு. அசைவில் இருவகை உண்டு என்பதைப் பலர் பிரித்தறிவதில்லை. கை நடுக்கத்தால் முழுப் படமும் ஒருசேரக் கலங்குவது ஒன்று. அதைத் தவிர்க்க ஷட்டர் நேரம் குவியத் தொலைவின் தலைகீழுக்கு மேற்படக் கூடாது என்பது வழக்கமான விதி. தொடக்கநிலைக் கேமராக்களின் உணரி, 36க்கு 24 மி.மீ. அளவுள்ள பழைய படச்சுருள் சட்டத்தைவிடச் சிறிதாகி ஏறத்தாழ 23.5க்கு 15.6 மி.மீ. இருப்பதால், 55 மி.மீ. லென்ஸை 1.5ஆல் பெருக்கி 1/80 நொடி என்று கொள்வது பாதுகாப்பு. லென்ஸிலுள்ள நடுக்கம் தணிக்கும் அமைப்பு இவ்வகை அசைவை மட்டுமே தணிக்கும். மற்றது பொருளின் அசைவு. அதற்கு விரைவான ஷட்டரைத் தவிர வேறு மருந்தில்லை. இதை வீட்டிலேயே சோதிக்கலாம்: நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றும் மின்விசிறியின் இறக்கை நுனி, மையத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்குமானால், நொடிக்கு ஏறத்தாழ 19 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 1/60 நொடியில் அது 31 செ.மீ. நகர்ந்து வெறும் மங்கலாகிவிட, 1/1000 நொடியில் 2 செ.மீ.க்குக் குறைவாகவே நகர்ந்து இறக்கை இறக்கையாகத் தெரியும். மங்கல் எப்போதும் குறையன்று. கரகாட்டக்காரரின் சுழற்சியை முழுவதும் உறையவைத்த படம் அவர் நின்றுகொண்டிருந்ததுபோலத் தோன்றிவிடும்.

மூன்றாவது வழியாகிய ஐ.எஸ்.ஓ. பற்றித்தான் தவறான கருத்து மிகுதி. ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தினால் உணரி கூடுதல் ஒளியைப் பிடிப்பதில்லை. பிடித்த ஒளியின் மின்குறிப்பைப் பெருக்குவதே நடக்கிறது. உயர்ந்த ஐ.எஸ்.ஓ. படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகளை உண்டாக்குகிறது என்று சொல்லப்படுவதும் முழு உண்மையன்று. ஃபோட்டான்கள் மழைத்துளிகள்போலத் தன்னிச்சையாக வந்து விழுபவை. ஒரே சீரான ஒளியிலும் அடுத்தடுத்த இரு பிக்சல்கள் ஒரே எண்ணிக்கையைப் பெறுவதில்லை, அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டி அமைகிறது. ஒரு பிக்சலில் 10,000 எலெக்ட்ரான்கள் சேர்ந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 விழுக்காடு, கண்ணுக்குத் தெரியாது. 100 எலெக்ட்ரான்களே சேர்ந்தால் அது 10, அதாவது 10 விழுக்காடு, தெளிவாகத் தெரியும். ஆகவே புள்ளிகள் ஒளிப் பஞ்சத்தின் விளைவு. பெருக்கும்போது அவை வெளிப்படுகின்றன. அதே குறைந்த ஒளியை ஐ.எஸ்.ஓ. 100இல் எடுத்துப் பின்னர் கணினியில் வெளிச்சமாக்கினாலும் அவை குறையா, பல கேமராக்களில் மின்சுற்றின் இரைச்சலும் சேர்ந்து கூடவே செய்யும். ஐ.எஸ்.ஓ.வை உயர்த்த அஞ்சி ஷட்டரைத் தாமதித்து முகங்களைக் கலங்கடிப்பது தொடக்க காலத்தின் பொதுவான பிழை. புள்ளிகளோடு தெளிந்த படத்தை ஓரளவு சீர்செய்யலாம், கலங்கிய படத்தைச் சீர்செய்ய முடியாது. பல கைபேசி உணரிகளின் பரப்பு டி.எஸ்.எல்.ஆர். உணரியில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்த ஒளிப் பஞ்சத்தைக் கைபேசிகள் பல சட்டங்களை ஒன்றிணைக்கும் மென்பொருளால் சமாளிக்கின்றன. தானியங்கி அமைப்பில் டி.எஸ்.எல்.ஆர். எடுக்கும் இரவுப் படம் சில வேளைகளில் கைபேசியிடம் தோற்பது இதனாலேயே.

கேமராவின் மேற்புறச் சக்கரத்திலுள்ள எழுத்துகள், இந்த மூன்றில் எதை மனிதர் முடிவு செய்வது, எதைக் கேமராவிடம் விடுவது என்ற பங்கீட்டைத் தவிர வேறில்லை. ஒளித்துளையைத் தான் வைத்துக்கொண்டு ஷட்டரைக் கேமராவிடம் விடுவது ஒரு முறை, ஷட்டரைத் தான் வைத்துக்கொள்வது மற்றொரு முறை, எல்லாவற்றையும் தானே வைப்பது மேனுவல். மேனுவலில் எடுப்பவரே உண்மையான படக்காரர் என்றொரு வீம்பு உண்டு; ஒளிமானியின் முள்ளை நடுவில் கொண்டுவந்து நிறுத்துவதற்காக மட்டும் மேனுவலைப் பயன்படுத்துபவர், கேமரா ஒரு நொடிக்குள் செய்யும் வேலையைத் தாமதமாகச் செய்கிறார் என்பதைத் தவிர அதில் பெருமை ஏதுமில்லை. விளக்கொளி மாறாத மேடை நிகழ்ச்சியில், ஆடுபவரின் உடை வெள்ளையானாலும் கறுப்பானாலும் ஒளிமானி ஏமாறாமலிருக்க அளவுகளை நிலைநிறுத்துவதே மேனுவலின் உண்மையான பயன்.

அளவுகளை யார் முடிவு செய்தாலும், ஒவ்வொரு பிக்சலும் கொள்ளக்கூடிய எலெக்ட்ரான்களுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அது நிறைந்தபின் எத்தனை ஃபோட்டான்கள் வந்தாலும் எண் மாறாது. அப்படி நிறைந்த இடம் விவரமற்ற வெள்ளையாகிவிடுகிறது. நிழலில் புதைந்த விவரத்தைப் புள்ளிகளோடாவது மீட்கலாம், நிறைந்து வழிந்ததை மீட்க வழியில்லை. எடுத்த படத்தைப் பின்திரையில் பார்த்துத் திருப்தியடைவது போதாது, வெயிலில் அத்திரை எல்லாவற்றையும் இருட்டாகவும் இரவில் எல்லாவற்றையும் வெளிச்சமாகவும் காட்டும். ஹிஸ்டோகிராம் எனப்படும் வரைபடம், இடப்பக்கக் கருமையிலிருந்து வலப்பக்க வெண்மைவரை எத்தனை பிக்சல்கள் எங்கே இருக்கின்றன என்று பொய்யின்றிக் காட்டுகிறது. அதன் வலது ஓரத்தில் மேடு முட்டி நின்றால் எக்ஸ்போஷரைக் குறைப்பது நல்லது. கோப்பு வடிவமும் இங்கே பேசப்பட வேண்டியது. பிக்சல்களின் எண்களை அப்படியே சேமிக்கும் ரா கோப்பு, 14 பிட் கேமராவில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 16,384 படிநிலைகளை வைத்திருக்கிறது; ஜேபெக் கோப்பு அவற்றை 256 படிகளாகச் சுருக்கி, கண் கவனிக்காது என்று கருதும் விவரங்களையும் கைவிடுகிறது. விளக்கின் மஞ்சளையும் நிழலின் நீலத்தையும் நடுநிலையாக்கும் வெண்சமநிலை ரா கோப்பில் ஓர் அறிவுறுத்தலாக மட்டுமே இருப்பதால், நிறவெப்பநிலை 2,700 கெல்வின் உள்ள குண்டு விளக்கொளியில் பகல் ஒளிக்குரிய 5,500 கெல்வின் அமைப்போடு எடுத்துவிட்டாலும் பின்னர் சேதமின்றி மாற்றிக்கொள்ளலாம். ஃபோகஸையும் அசைவையும் எந்தக் கோப்பு வடிவமும் திருத்தாது. படமெடுக்கும் நேரத்துக் கவனம் அவற்றுக்கே உரியது.

கேமராவுடன் சேர்ந்து வரும் 18-55 மி.மீ. லென்ஸ் அவசரமாக இகழப்படுவதுண்டு. அதன் ஒரு முனையில் ஏறத்தாழ 76 பாகைக் காட்சியும் மறுமுனையில் 29 பாகைக் காட்சியும் கிடைக்கின்றன. குவியத் தொலைவின் இயல்பைக் கற்க அது போதும். அகலக் கோணத்தில் எடுத்த முகம் உப்பித் தெரிவதற்கு லென்ஸைக் குறைசொல்வது வழக்கம். உண்மையில் குற்றவாளி தொலைவு. மூக்கு நுனியிலிருந்து 30 செ.மீ. தள்ளிக் கேமரா நின்றால் காது 42 செ.மீ. தொலைவில் இருக்கிறது, மூக்கு காதைவிட 1.4 மடங்கு பெரிதாகப் பதிகிறது; இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்த விகிதம் 1.06 ஆகிவிடுகிறது. எனவே நின்ற இடத்திலிருந்தே ஜூம் வளையத்தைத் திருகுவதற்கும், குவியத் தொலைவை மாற்றாமல் நடந்து அருகில் செல்வதற்கும் கிடைக்கும் படங்கள் வெவ்வேறு. முந்தையது காட்சியை வெட்டுகிறது, பிந்தையது பொருள்களுக்கிடையிலான அளவுறவையே மாற்றுகிறது. இந்த லென்ஸின் உண்மையான வரம்பு ஒளியில் இருக்கிறது: 18 மி.மீ.இல் எஃப்/3.5 ஆகத் திறக்கும் துளை, 55 மி.மீ.க்குச் செல்கையில் எஃப்/5.6 ஆகிவிட, உணரிக்கு வரும் ஒளி இரண்டரை மடங்கு குறைகிறது.

அடுத்ததாக எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பெரும்பாலான அனுபவசாலிகள் சொல்லும் விடை, ஜூம் இல்லாத 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ். எஃப்/5.6ஐ ஒப்பிட எஃப்/1.8 ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது; முன்பு ஐ.எஸ்.ஓ. 3200 தேவைப்பட்ட மாலை நேரத்து வீட்டறையில் இப்போது 320 போதும். அதன் விலையும் மேலே கணக்கிட்டதே: இரண்டு மீட்டர் தொலைவில் 11 செ.மீ. ஆழம். ஒருவரின் அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் வைத்தால் அவருக்குப் பின்னால் ஓரடி தள்ளி நிற்பவர் நிச்சயமாக மங்கிப்போவார் என்பதால், இருவரைச் சேர்த்து எடுக்கும்போது அவர்களைக் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் நிற்கவைக்க வேண்டும், அல்லது துளையை எஃப்/5.6 அளவுக்குக் குறுக்கி, மிச்சப்படுத்திய ஐ.எஸ்.ஓ.வைத் திருப்பிச் செலவழிக்க வேண்டும்.